காகத்தின் சோற்றில் அணில்

செப்டெம்பர் 18, வியாழன்

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில். பின்வளவில் பறவைத் தட்டு நட்டாயிற்று. ஒரு இரும்புக் கம்பம், உச்சியில் மரத் தட்டு, பக்கத்தில் இரண்டு கொளுக்கி. ஒன்றில் கச்சான் கடலை போட்ட கம்பிக்கூடு, மற்றதில் சூரியகாந்தி விதை. மண் கல் மாதிரி இறுக்கம். இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் காகத்துக்காக. புரட்டாசி பிறந்துவிட்டது. பவானி இந்த முறை சனிக்கிழமை விரதம் முழுக்கப் பிடிக்கப் போகிறா, மகளுக்காக. துளசிக்கு ஏழரைச் சனியாம். வயிற்றில் ஏழாம் மாதம். முன்னே இரண்டு தரம் தங்கவில்லை. அதைப்பற்றி இந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. விரதத்தைப் பற்றி மட்டும் கதைப்போம்.

எள்ளெண்ணெய் எரித்து, சமைத்து, முதல் பிடி சோறு காகத்துக்கு. காகம் வாய் வைத்த பிறகுதான் அவ சாப்பிடலாம். இந்த லண்டன் காகங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. குப்பைப் பை கிழிக்க மட்டும் தெரியும். சின்னப் பறவைகள் வந்து பழகினால் காகமும் பயமில்லாமல் இறங்கும் என்பது என் திட்டம்.

பவானிக்கு வலக்கண்ணில் புரை. ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறா. மற்றக் கண்ணும் அவ்வளவு இல்லை. வளவின் முடிவில் இருப்பது காகமோ கறுப்புப் பையோ அவவுக்குத் தெரியாது. ஆகவே பார்த்துச் சொல்வது என் வேலை.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேலை என்றால் வேலை.

செப்டெம்பர் 19, வெள்ளி

வெயில். ஒரு சிவப்பு நெஞ்சுக் குருவி வந்தது. பிறகு இரண்டு பச்சைக்கிளி. சந்தோசத்தில் பவானியைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கிளி இல்லை, குருவி இல்லை. சாம்பல் அணில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கச்சான் தின்கிறது. கை தட்டினேன். என்னைப் பார்த்தது. தின்றது.

பக்கத்து வீட்டுச் செந்தில் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்துதான்.

“அங்கிள், ஹோட்டல் திறந்துட்டீங்க, கஸ்டமர் வந்துட்டாரு.”

“உந்த அறுவான் எங்கையிருந்து வந்தது தம்பி?”

“எங்க ஓக் மரத்துலதான் குடும்பமே இருக்கு. இது குளிருக்குச் சேத்து வைக்கிற சீசன். உங்க பூச்சட்டிய எல்லாம் தோண்டப் போகுது, பாருங்க.”

ஏற்கெனவே தோண்டிவிட்டது. கறிவேப்பிலைச் சட்டியை.

செப்டெம்பர் 20, சனி

முகில். முதல் விரதம்.

பவானி விடியவே எழும்பி முழுகி, சமையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். ஒரு பிடி எடுத்து எள்ளுத் தூவி, சின்ன வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தா. தட்டில் வைத்துவிட்டு “கா, கா” என்று கூப்பிட்டேன். வெட்கக்கேடு. முன்வீட்டுக் கூரையில் ஒரு காகம் இருந்தது. இருந்தபடியே இருந்தது.

இறங்கியது அணில். அப்பளத்தை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் கேட்கத் தின்றது. பிறகு சோற்றைக் கிளறி, வாழைக்காயை எடுத்தது. இலையும் சரிந்து கீழே விழுந்தது.

பவானி உள்ளேயிருந்து: “வந்ததோ?”

“இன்னும் இல்லை.”

திரும்ப ஒரு பிடி. திரும்ப அணில்.

மத்தியானம் தாண்டிவிட்டது. பவானிக்குச் சீனி வருத்தம். குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. குசினிக் கதிரையில் இருந்தா. நெற்றி வியர்த்திருந்தது. தண்ணிக் கிளாசைப் பிடித்த கை நடுங்கியது.

“இஞ்சரும், கொஞ்சம் சாப்பிடும். கடவுள் கோவிக்கமாட்டார்.”

“காகம் தொடாமல் ஏலாது. சும்மா இருங்கோ.”

வெளியே போனேன். நின்றேன். உள்ளே வந்தேன்.

“வந்தது. சாப்பிட்டுட்டுப் போயிட்டுது.”

அவவின் முகத்தைப் பார்க்கவேண்டும். கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டா. இரண்டாம் முறையும் சோறு போட்டா. நடுக்கம் நின்றுவிட்டது. செய்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பின்னேரம் முழுக்க அவவின் முகத்தை நேரே பார்க்கவில்லை.

செப்டெம்பர் 22, திங்கள்

அடுத்த சனிக்குள் அணிலை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் காகம் வரும். வந்தால் நான் பொய் சொல்லத் தேவையில்லை. கணக்கு அவ்வளவுதான்.

கம்பம் முழுக்க வாஸலின் களிம்பு பூசினேன். அணில் வந்தது. பாய்ந்து ஏறியது, சறுக்கியது, ஏறியது, சறுக்கியது. வழுக்குமரம் ஏறும் பெடியன் மாதிரி. நான் தனியே நின்று வயிறு நோகச் சிரித்தேன்.

செந்தில் சிரிக்கவில்லை. “கிரீஸ் வேண்டாம் அங்கிள். றெக்கையில ஒட்டிக்கிட்டா குருவியால குளிர் தாங்க முடியாது. அணில் முடிக்கும் அப்படித்தான்.”

கோப்பை கழுவும் சவர்க்காரம் போட்டுக் கம்பத்தைக் கழுவினேன். சிரித்தது நினைவு வந்து ஒரு மாதிரி இருந்தது.

வாங்க: பால், தேசிக்காய், நல்லெண்ணெய், கச்சான் (பவானிக்குச் சொல்லாமல்).

செப்டெம்பர் 24, புதன்

காற்று. மிளகாய்த்தூள் யோசனை. குருவிகளுக்கு உறைப்புத் தெரியாதாம், அணிலுக்குத் தெரியுமாம். உறைப்பு வேண்டுமென்றால் எங்கள் வீட்டைவிட்டு வேறெங்கே போவது? குசினியில் தனி மிளகாய்த்தூள் போத்தல். இரண்டு கரண்டி போதும் என்றிருப்பார்கள். நான் கை நிறைய அள்ளி விதையில் பிசைந்தேன்.

அணில் ஒரு வாய். நின்றது. கீழே குதித்தது. முன்னங்கால் இரண்டாலும் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, ஈரப் புல்லில் மூக்கைப் புரட்டி, திரும்பத் தேய்த்து. கண்ணில் பட்டிருக்கவேண்டும். வேலியில் ஏறப் பார்த்து, இடம் தப்பி விழுந்தது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

வெங்காயம் வெட்டிய கை கண்ணில் பட்டாலே ஊரைக் கூட்டுகிறவன் நான். இது யாரிடம் போய்ச் சொல்லும்? ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தேன், கழுவட்டும் என்று. மடைத்தனம். பெரிய மனிதன் செய்கிற வேலையா இது.

விதை முழுவதையும் குப்பையில் கொட்டினேன்.

பின்னேரம் பவானி: “இஞ்சேருங்கோ, தூள் ஏன் இப்பிடிக் குறைஞ்சு கிடக்கு?”

“கொட்டுப்பட்டுட்டுது.”

இது இரண்டாவது பொய். முதலாவதற்குத் தம்பி.

செப்டெம்பர் 25, வியாழன்

அணில் உயிரோடு இருக்கிறது. காலையில் கண்டேன். ஒரு கண் கொஞ்சம் சுருங்கினமாதிரி. சந்தோசமாக இருந்தது. அடுத்த நிமிடம் கச்சான் கூட்டைக் கழற்றி எறிந்தது. ஆள் பேய்க்காய், லேசில் விடாது.

பழைய சீடிகளை நூலில் கோத்துத் தட்டைச் சுற்றித் தொங்கவிட்டேன். துளசியின் பரதநாட்டியப் பயிற்சிச் சீடிகள். இப்போது யார் கேட்கிறார்கள்? வெயிலில் சுழன்று பளிச்சென்றன. அணில் வேலியில் நின்று தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வெற்றி.

செப்டெம்பர் 27, சனி

பளீரென்ற வெயில். சீடியெல்லாம் மின்னுகின்றன. இரண்டாம் விரதம்.

காகம் வந்தது! முன்வீட்டுப் புகைபோக்கியில். தட்டைப் பார்க்கிறது. ஒரு கால் மாற்றி நிற்கிறது. “வா, வா ராசா” என்று கெஞ்சினேன். பறந்து அரைவாசித் தூரம் வந்து, திடீரென்று திரும்பி, அடுத்த தெருப் பக்கம் போய்விட்டது. பிறகு வரவேயில்லை. அணிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் சீடிப் பயம் தெளிந்துவிட்டது. வேலியிலிருந்து ஒரே பாய்ச்சல்.

பவானி: “வந்ததோ?”

“வந்தது. பெரிய காகம். அப்பளத்தைத்தான் முதல் எடுத்தது.”

ஏன் அந்த அப்பளத்தைச் சேர்த்தேன்? ஒருவரும் கேட்கவில்லை. பொய்க்குக் கறி வைத்துப் பரிமாறியிருக்கிறேன்.

அவ உடனே ஹரோவில் இருக்கிற மகளுக்குப் போன் எடுத்தா. ஸ்பீக்கரில் துளசியின் சிரிப்பு.

“சீரியஸ்லி? அப்பளமா?”

“ஓம் பிள்ளை. அப்பா கண்ணால கண்டவர்.”

“அப்பாவே சொன்னாரா? அப்பாக்கு இதுல நம்பிக்கை இல்லையே.”

“அதுதானே. அவரே சொல்லுறார்.”

தோட்டத்துக்குள் போய், இல்லாத களை பிடுங்கினேன்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

காலை குளிர். கம்பத்தை வேலியிலிருந்து தள்ளி, வளவின் நடுவில் நட்டேன், பாய முடியாதபடி. பழைய பிளாஸ்ரிக் பேசினின் அடியில் ஓட்டை போட்டு, கவிழ்த்துக் கம்பத்தில் கோத்தேன், குடை மாதிரி. செந்தில் பிடித்துத் தந்தார்.

“சூப்பர் அங்கிள். இதுக்கு மேல ஏறவே முடியாது.”

உண்மை. அணில் ஏறி ஏறிப் பேசினில் தலை முட்டித் திரும்பியது. வேலிக்குப் போய்த் தூரம் பார்த்தது. பாயவில்லை. புல்லில் வந்து பின்னங்காலில் எழும்பி நின்று மேலே பார்த்தது.

அப்போதுதான் வயிற்றைக் கண்டேன். பால் கொடுக்கிற அணில். காம்புகள் தெளிவாகத் தெரிந்தன. செந்திலின் மரத்தில் எங்கேயோ குட்டிகள்.

செந்திலும் கண்டார். “அட, அம்மாவா நீயி,” என்றார்.

என் பிள்ளை வயிற்றுப்பிள்ளைக்காரி. அவளுக்காக விரதம் நடக்கிற வீட்டில், ஒரு பால்கொடுக்கிற தாய்க்குக் கண்ணில் மிளகாய்த்தூள். பவானிக்குத் தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டா. ஒரு பிடி கச்சானைக் கொண்டுபோய்ச் செந்தில் பக்கத்து வேலியடியில் போட்டேன். துரத்துவதும் நான், போடுவதும் நான். விசர்தான்.

ஒக்டோபர் 2, வியாழன்

மழை. விடிய துளசியின் கணவன் போன். வயிற்றுக்குள் அசைவு குறைவாம், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். உடனே நானும் பவானியும் வெளிக்கிட்டோம். ட்ராம், ரயில், மெற்றோபொலிற்றன் லைன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மெஷின் பூட்டிப் பார்த்து, பிள்ளை நல்லாய் இருக்கிறது என்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். துளசி சோபாவில் படுத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

வருகிற வழியில் ரயிலில் பவானி என் கையைப் பிடித்துக்கொண்டா.

“விரதம்தான் காப்பாத்தினது. காகம் ரெண்டு கிழமையும் எடுத்தது பாருங்கோ.”

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் நம்புகிறவன் இல்லை. திரும்பவும் எழுதுகிறேன், நான் நம்புகிறவன் இல்லை. அசைவு குறைந்ததற்கும் காகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியென்றால் ஏன் அந்தப் போன் வந்த நேரம் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த அப்பளம்?

ஒக்டோபர் 4, சனி

பெருங்காற்று. மூன்றாம் விரதம். சீடிகள் ஒன்றோடொன்று அடித்துக் கிலுங்குகின்றன. பேசின் ஆடுகிறது. இலை பறந்துவிடும் என்று ஒரு கல் வைத்தேன். அணில் ஏறவில்லை. ஏற முடியாது. ஆனால் காகமும் இல்லை. புகைபோக்கியில்கூட இல்லை.

எல்லாத் தடையும் சரி, இன்றைக்காவது ‘வந்தது’ என்று உண்மையாகவே சொல்லலாம் என்று இருந்தேன். சோறு காற்றில் காய்ந்தது.

உள்ளே போனேன். பவானி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தா. ஓம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை, அதனால் பொய் இல்லையாம் என்று மனம் சொல்கிறது. வெட்கமில்லாத மனம்.

பின்னேரம் துளசியே போன் எடுத்தாள், என் போனுக்கு. இதுவரை செய்யாதது.

“அப்பா, இண்டைக்கும் க்ரோ வந்ததா?”

“ஓம் பிள்ளை.”

“தேங்க்ஸ் அப்பா. சில்லியான நம்பிக்கைதான், எனக்குத் தெரியும். ஆனா கேட்டா நித்திரை வருது.”

ஒக்டோபர் 6, திங்கள்

வெயில், காற்று இல்லை. செந்தில் குப்பைத் தொட்டி இழுத்துக்கொண்டு போனவர் நின்றார்.

“ஆன்ட்டிக்குக் காக்கா வந்துச்சா அங்கிள்?”

“எங்கை தம்பி. கிட்ட வருகுது, திரும்பிப் போகுது.”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார்.

“அங்கிள், வயல்ல காக்கா விரட்டத்தானே இந்த மாதிரி மினுமினுன்னு கட்டுவாங்க? நீங்க காக்காவக் கூப்பிட அதையே கட்டியிருக்கீங்களே!”

எனக்குத் தெரியாததா? ஊரில் எங்கள் தோட்டத்திலேயே வெள்ளித்தாள் கட்டியவன் நான். அணில், அணில் என்று அதன் பின்னாலேயே நின்றதில் காகத்தை மறந்துவிட்டேன். காகம் வராததற்கு அணிலும் காரணமில்லை, லண்டனும் காரணமில்லை. நான்.

சீடிகளைக் கழற்றினேன். பேசினையும். மூன்று சனியும் போய்விட்டன. கடைசி ஒன்று.

ஒக்டோபர் 8, புதன்

தூறல். அணில் கச்சான் தின்கிறது. விட்டுவிட்டேன். காகம் இரண்டு தரம் தட்டுக்கு மேலால் பறந்தது. இறங்கவில்லை. பழக நாள் எடுக்குமாம். நாள் எங்கே இருக்கிறது.

பவானிக்குச் சொல்லவேண்டும். சொன்னால் கடைசிச் சனியும் அவவுக்கு நிம்மதி இல்லை. பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம். பிறகு ஏன் சொல்லவேண்டும்? இப்படியே கோழைக்கு நியாயம் வளர்ந்துகொண்டு போகிறது.

ஒக்டோபர் 11, சனி

முகில் மூட்டம். காற்று அசையாத நாள். கடைசி விரதம்.

துளசி ஆஸ்பத்திரியில். நேற்றுப் பின்னேரம் பிரஷர் கூடி வாட்டில் மறித்துவிட்டார்கள். டொக்டர் இன்று மத்தியானம் வந்து பார்த்துச் சொல்வாராம், பிள்ளையை இப்போதே எடுப்பதா, பொறுப்பதா என்று. நாளாகுமுன் இவ்வளவு வேளைக்குப் பிறந்தால் என்னவாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. விரதம் முடித்துவிட்டு வெளிக்கிடுவோம் என்றா பவானி.

சமைத்தா. இலையைத் தந்தா. தட்டில் வைத்தேன். கம்பத்தில் இப்போது ஒன்றும் இல்லை, சீடி இல்லை, பேசின் இல்லை. புகைபோக்கியில் காகம். இந்த முறை கும்பிட்டுக்கொண்டு நின்றேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

அணில் வந்தது. அப்பளத்தை எடுத்து, என் பக்கம் திரும்பியிருந்து தின்றது. துரத்தக் கை எழும்பவில்லை. காகம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனது.

“வந்ததோ?”

கதிரையில் இருந்தா. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பொய் நாக்கு நுனியில் தயாராய் இருந்தது.

“இல்லை. அணில்.”

“பொறுத்துப் பாப்பம். போன மூண்டு கிழமையும் வந்ததுதானே. இண்டைக்கு வராமல் விடுமே?”

அவவின் அந்த நம்பிக்கையை என்னால் தாங்க ஏலவில்லை.

“அப்பவும் வரேல்லை, பவானி.”

விளங்காதமாதிரிப் பார்த்தா. “போன கிழமை?”

“இல்லை.”

“அதுக்கு முந்தின கிழமை அப்பளம் எடுத்தது எண்டு சொன்னனீங்கள்.”

“அது அணில்தான்.”

“முதல் சனி?”

“உமக்குக் கை நடுங்கினது. பயந்திட்டன்.”

நாசமாய்ப் போக என்று ஏசுவா, அழுவா, ஏதாவது எறிவா என்று நின்றேன். ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

“உங்கட கண்ணைத்தானே நான் நம்பினனான்,” என்றா. மெல்ல.

அந்த நேரம் போன். துளசி. பவானி ஸ்பீக்கரில் போட்டா.

“அம்மா, டொக்டர் இன்னும் வரேல்ல. பயமா இருக்கு அம்மா. க்ரோ வந்ததா?”

பவானி என்னைப் பார்த்தா. கனநேரம். என் வாழ்க்கையில் அவ பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்காரன் மறந்துபோய்க் கூடப் போட்ட ஒரு கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஏறிப் போன மனுசி.

“ஓம் பிள்ளை. வந்தது. வயிறாறச் சாப்பிட்டது. நீ ஒண்டுக்கும் யோசிக்காதை.”

“அப்பா பாத்தாரா?”

போனை என் பக்கம் நீட்டினா. “சொல்லுங்கோ,” என்றா.

“ஓம் பிள்ளை,” என்றேன். “பாத்தனான்.”

பவானி சோற்றுச் சட்டியை மூடினா. “ஒரு பிஸ்கட்டாவது சாப்பிடும், பவானி” என்று பின்னால் போனேன். கையைக் காட்டி மறித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்பு மாற்ற மேலே ஏறிப் போனா. இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை.